சுக்கான் மண்ணில் மஞ்சளாகும் மரங்கள்: தோட்டப் பராமரிப்பில் பார்த்தவை

கோவையைச் சுற்றியுள்ள லேஅவுட்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் தோட்டம் பராமரிப்பது என் தொழில். எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே மாதிரிதான் தொடங்கும். "மரம் மஞ்சளாயிருச்சுங்க, என்ன உரம் போடலாம்?" உரம் போடுவது என்று அவர்களே முடிவு செய்திருப்பார்கள், எந்த உரம் என்பது மட்டும்தான் பாக்கி. நான் போய்ச் சேர்வதற்குள் வாட்ச்மேன் அண்ணன் கையால் யூரியா போயிருக்கும். யூடியூப் பார்த்த யாரோ சொல்லி எப்சம் சால்ட்டும் (மெக்னீசியம் சல்பேட்) போயிருக்கும்.

இந்தப் பக்கம் மஞ்சளாகிற மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு மண்ணில் சத்து இருக்கிறது. மரத்தால் அதை எடுக்க முடிவதில்லை, இல்லையென்றால் எடுக்கிற வேர் கெட்டுக் கிடக்கிறது. இரண்டுக்கும் உர மூட்டையில் பதில் கிடையாது. அதனால் மண்வெட்டி, கடப்பாரை, ஒரு சின்ன பாட்டில் வினிகர், இந்த மூன்றும் இல்லாமல் நான் மரம் பார்க்கப் போவதில்லை.

அதற்கும் முன்னால் நாள்காட்டி. தை கடைசியில் தொடங்கி பங்குனி வரை வேம்பும் புங்கனும் இலை மஞ்சளித்துக் கொட்டுவது இயல்பு. மாசியில் உதிர்த்துத் துளிர்த்தால்தானே சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ கிடைக்கும்? நாட்டு வாதுமை வருடத்துக்கு இரண்டு முறைகூட இலை சிவந்து கொட்டும். நாகலிங்கம் மொத்த இலையையும் உதிர்த்துவிட்டுச் சீக்கிரமே துளிர்த்துவிடும், முதல் தடவை பார்க்கிறவர்கள் மரம் போய்விட்டது என்றே நினைப்பார்கள். புங்கனின் புதுத் துளிர் வெளிறிய பளபளப்பான பச்சையில் இருப்பதைப் பார்த்துவிட்டு "சத்துக் குறைவு" என்று போட்டோ அனுப்புகிறவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் ஒரு மாதம் பொறுங்கள் என்பதுதான் என் பதில். அதற்குக் காசு வாங்குவதில்லை.

இலை உதிர்க்கும் காலம் இல்லாதபோதும் மஞ்சள் என்றால், அடுத்தது எந்த இலை மஞ்சள் என்பது. ஒரு கிளையைப் பிடித்து, நுனியில் புதிதாக வந்த இலை ஒன்று, அதே கிளையின் அடியில் இருக்கும் பழைய இலை ஒன்று, இரண்டையும் கிள்ளி வெள்ளைக் காகிதத்தின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இந்த ஒரு வேலை மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லிவிடும். தழைச்சத்து (நைட்ரஜன்), மெக்னீசியம், பொட்டாஷ் ஆகியவற்றை மரம் தனக்குள்ளேயே இடம் மாற்றிக்கொள்ளும். தட்டுப்பாடு வந்தால் பழைய இலையிலிருந்து உருவி புதிய இலைக்கு அனுப்பும். அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்பு, மாங்கனீசு, கந்தகம் அப்படி எளிதில் நகராது. அவை குறைந்தால் நுனி இலை மஞ்சள், அடி இலை பச்சை.

அப்புறம் மஞ்சளின் கோலம். அடி இலை முழுதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்து. அடி இலையில் ஓரமும் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதியும் மஞ்சளாகி, காம்புப் பக்கம் மட்டும் பச்சை முக்கோணமாக நின்றால் மெக்னீசியம். ஓரம் தீய்ந்தால் பொட்டாஷ் அல்லது உப்பு. நுனி இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்றால் இரும்பு. நரம்பை ஒட்டி பச்சை கொஞ்சம் அகலப் பட்டையாக இருந்தால் மாங்கனீசு. இலையே சிறுத்து நுனியில் கொத்தாகக் குவிந்தால் துத்தநாகம். நடைமுறையில் இரண்டு மூன்று கலந்தும் வரும், ஆனாலும் அடியா நுனியா என்ற கேள்வி பாதி வழியைக் கடத்திவிடும்.

சூலூர் பக்கம் ஒரு லேஅவுட். நுழைவாயில் சாலையின் இரு பக்கமும் செண்பகம் வரிசையாக நட்டிருந்தார்கள். நர்சரியிலிருந்து வந்தபோது இலை கரும்பச்சையில் மின்னியதாம். முதல் வருடம் தாக்குப்பிடித்தது. இரண்டாம் வருடம் ஐப்பசி மழைக்குப் பிறகு நுனி வெளிற ஆரம்பித்தது. நான் பார்த்தபோது புது இலைகள் எலுமிச்சை மஞ்சள், அதில் நரம்புகள் மட்டும் பச்சைப் பேனாவால் வரைந்த மாதிரி. கிளையின் உச்சியில் கடைசியாக விரிந்த இலைகளில் மஞ்சள்கூட இல்லை. கிட்டத்தட்ட வெள்ளை, ஓரம் காய்ந்து பழுப்பு. கீழே பழைய இலைகள் நல்ல பச்சை. மரத்தடியில் வேலியாக வைத்த இட்லிப்பூச் செடிகளிலும் அச்சு அசலாக அதே கோலம். ஆனால் பத்தடி தள்ளி, அதே மண்ணில், அதே தண்ணீர் குடிக்கிற வேம்பு ஜம்மென்று நிற்கிறது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். இட்லிப்பூவும் செண்பகமும் புளிப்பான, அதாவது அமிலத் தன்மையுள்ள மண்ணை விரும்புகிறவை. செண்பகம் மேற்கு மலைத்தொடரின் ஈரக் காட்டு மரம். வேம்புக்குச் சுண்ணாம்பு ஒரு பொருட்டே இல்லை. பிரச்சினை வேம்பு தாங்குகிற, செண்பகம் தாங்காத ஏதோ ஒன்று. தோட்டத்தில் எங்காவது இட்லிப்பூ இருந்தால் முதலில் அதைப் போய்ப் பாருங்கள். மண் பரிசோதனை அறிக்கை வருவதற்கு முன்பே அது சொல்லிவிடும்.

மண்ணை ஓரடி தோண்டினோம். மேலே வாங்கிக் கொட்டிய செம்மண் ஒரு சாண். அதற்குக் கீழே சாம்பல் வெள்ளையாகச் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கட்டி, நடுநடுவே பூச்சு வேலை முடிந்து புதைத்த சிமெண்ட் கட்டிகள், செங்கல் துண்டுகள். ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து வினிகரை ஊற்றினேன். ஸ்ஸ் என்று சத்தத்தோடு நுரை பொங்கியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, "இன்னொரு தடவை ஊத்துங்க" என்று கேட்டுப் பார்த்தார். மண்ணில் சுண்ணாம்பு தனியாக இருந்தால்தான் இப்படி நுரைக்கும். ஆய்வகத்தில் கொடுத்தபோது பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 8.4 வந்தது (7 நடுநிலை, அதற்கு மேல் காரம்). போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்புகளின் அளவு, 1,600. சூலூர், பல்லடம், திருப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. மதுக்கரையில் சிமெண்டுக்கு வெட்டி எடுக்கிற அளவுக்குச் சுண்ணாம்புக்கல் உள்ள மாவட்டம் இது. குடிக்கச் சிறுவாணி வரும் வீடுகளிலும் தோட்டத்துக்குப் போவது போர் தண்ணீர்தான்.

இந்த மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செம்மண்ணுக்குச் சிவப்பு வருவதே இரும்பால்தான். பி.எச். ஏற ஏற அந்த இரும்பு கரையாமல் துருவாகவே கிடக்கும், வேருக்குக் கிடைக்காது. போர் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் இதை இன்னும் மோசமாக்கும். மழைக்காலத்தில் மண் ஈரமாகவே கிடந்தால் மண்ணுக்குள் பைகார்பனேட் கூடும். அதனால்தான் "நல்லாத்தானுங்க இருந்துச்சு, மழைக்கப்புறம் இப்படி ஆயிருச்சு" என்கிறார்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமானாலும் இரும்பும் துத்தநாகமும் முடங்கும். அந்தச் செண்பகங்களுக்கு வருடம் தவறாமல் மணிச்சத்து நிறைந்த டி.ஏ.பி. உரம் போட்டிருந்தார்கள். எப்சம் சால்ட்டால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை. உப்புத் தண்ணீரிலேயே மெக்னீசியம் தாராளமாக வருகிறது.

செயலாளர் இணையத்தில் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். கந்தகம் போட்டு மண்ணின் பி.எச்.சைக் குறைத்துவிட்டால் என்ன? நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுக் காட்டினேன். 100 கிலோ சுண்ணாம்பைத் தின்று தீர்க்க 32 கிலோ கந்தகம் வேண்டும். ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம் உள்ள மண் 1,300 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 சதவீதம் சுண்ணாம்பு இருந்தால் 65 கிலோ. அதற்கு ஏறத்தாழ 20 கிலோ கந்தகம். இது ஒரே ஒரு கன மீட்டருக்கு. செண்பகத்தின் வேர் அதைப்போலப் பல மடங்கு இடத்தில் ஓடும். அத்தனையும் போட்டு முடித்தாலும், மேலே ஊற்றும் போர் தண்ணீர் மறுபடி சுண்ணாம்பைக் கொண்டுவந்து சேர்க்கும். சுக்கான் மண்ணின் குணத்தை மாற்ற முடியாது. மரத்துக்கு அங்கங்கே சின்னச் சின்ன நல்ல இடம் செய்து கொடுக்கலாம், அவ்வளவுதான்.

நாங்கள் செய்தது இது. டி.ஏ.பி.யை முழுதாக நிறுத்தினோம். இலை விரிவின் நிழல் முடிகிற இடத்தைச் சுற்றி, கடப்பாரையால் முழங்கை ஆழத்துக்குக் குழிகள் போட்டோம். நன்றாக மக்கிய தொழு உரத்தில் அன்னபேதியைக் கலந்து, ஈரம் தெளித்து மூடி, ஒரு மாதம் ஊறவைத்து, அதோடு ஒரு கை கந்தகமும் சேர்த்து அந்தக் குழிகளை நிரப்பினோம். அன்னபேதி என்பது உரக்கடையில் கிடைக்கும் ஃபெரஸ் சல்பேட்தான், விலை மலிவு. இதை நேராகச் சுண்ணாம்பு மண்ணில் தூவினால் கொஞ்ச நாளில் துருவாகிவிடும். மக்கிய எருவோடு சேர்ந்தால் இரும்பு கொஞ்ச காலம் சுண்ணாம்பிடம் சிக்காமல் இருக்கும். வேர் அந்தக் குழிகளைத் தேடி வந்து மொய்க்கும். அடுத்த வருடம் குழியைக் கிளறினால் நூல் நூலாக வெள்ளை வேர் தெரியும்.

அது வேலை செய்ய மாதங்கள் ஆகும். அதுவரை வெள்ளைத் துளிர் கருகாமல் இருக்க, இலையில் தெளித்தோம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம், ஒட்டுவதற்குக் கொஞ்சம் ஒட்டும் திரவம். அன்றன்று கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். பழைய கரைசல் காவி நிறமானால் கொட்டிவிடலாம். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் பச்சைப் புள்ளி தோன்றும், இலை சிறுத்தைத் தோல் மாதிரி ஆகும். சிரிப்பாக இருந்தாலும் இரும்புதான் குறை என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சி இல்லை. சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு கிளைக்கு மட்டும் தெளித்துப் பத்து நாள் கழித்துப் பாருங்கள். ஆனால் தெளிப்புக்குப் பிறகு விரியும் இலைகள் மறுபடி மஞ்சளாகத்தான் வரும், வேருக்கு வழி செய்யாதவரை. இன்னொன்று, தெளிக்கும் முன் கீழே இருக்கும் பேவர் கல்லையும் வெள்ளைச் சுவரையும் தார்ப்பாயால் மூடுங்கள். துருக்கறை விழுந்தால் போகாது. மரத்தைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லாமல் கறைக்குத் திட்டுவார்கள்.

கையில் காசு இருந்தால் சீலேட் இரும்பு, அதாவது துருவாகிவிடாமல் வேறொரு பொருள் பிடித்து வைத்திருக்கும் இரும்பு. இங்கேதான் கடைக்காரர்கள் குழப்புகிறார்கள். அதிகம் கிடைப்பது ஈ.டி.டி.ஏ. வகை. அது பி.எச். 6.5-ஐத் தாண்டினால் பிடியை விட்டுவிடும். இலையில் தெளிக்கச் சரி, 8.4 மண்ணில் ஊற்றுவது வீண். மண்ணுக்கு வேண்டியது ஈ.டி.டி.எச்.ஏ. வகை, 9 வரை தாங்கும். விலை பல மடங்கு. தண்ணீரில் போட்டதும் நாவல் பழச்சாறு நிறத்தில் சிவந்து கரையும். மஞ்சளாகவோ பச்சையாகவோ கரைந்தால் பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். வெயிலில் சீலேட் கெடும் என்பதால் கரைசலை மேலாக ஊற்றாமல் சிறு குழிகளில் ஊற்றி மூட வேண்டும்.

செண்பகக் கதை இவ்வளவு நீண்டதற்குக் காரணம், இந்தப் பக்கம் அடிக்கடி பார்ப்பது அதுதான். மற்றவை சீக்கிரம் சொல்லிவிடலாம், ஆனால் ஏமாற்றக்கூடியவை.

புல்தரை நடுவே நிற்கும் மரம். புல்லுக்குத் தினமும் ஸ்ப்ரிங்க்ளர் ஓடும், மரமும் அதே தண்ணீரில் குளிக்கும். இலை மொத்தமாக வெளிறி, தொங்கி, வாடின மாதிரி தெரியும். பார்க்கிறவர் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் விடுவார். கடப்பாரையை ஓரடி இறக்கி எடுத்து நுனியை மோந்து பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. வேரை எடுத்து விரலால் உருவினால் தோல் தனியாகக் கழன்று வரும். மருந்து ஒன்றும் வேண்டாம், தண்ணீரை நிறுத்துங்கள், மரத்தைச் சுற்றியுள்ள புல்லை வெட்டி எடுத்துவிட்டுச் சருகு மூடாக்குப் போடுங்கள். மழைநீர் தேங்குகிற இடமானால் வடிகால் வெட்டுங்கள்.

நட்ட விதம். மரம் தரையோடு சேருகிற இடத்தில் அடிமரம் அகன்று விரிய வேண்டும். மின் கம்பம் நட்டது மாதிரி நேராக மண்ணுக்குள் இறங்கினால் ஆழமாக நட்டுவிட்டார்கள், அல்லது பின்னால் மண் அணைத்து உயர்த்திவிட்டார்கள். மண்ணை விலக்கினால் சில சமயம் நர்சரியின் கறுப்புப் பையே கிடைக்கும், கிழிக்காமல் அப்படியே இறக்கியிருப்பார்கள். பைக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர் பின்னாளில் அடிமரத்தையே கழுத்தை நெரிக்கும். இந்த மரங்களில் ஒரு பக்கக் கிளை மட்டும் மஞ்சளாகும். நெரிக்கும் வேர் கட்டைவிரல் தடிமனுக்குள் இருந்தால் உளியால் வெட்டி எடுக்கலாம். அதற்கு மேல் தடித்திருந்தால் அவசரப்பட வேண்டாம், அந்த வேரையே நம்பி மரம் நிற்கக்கூடும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். அடுக்குமாடிகளில் எஸ்.டி.பி. தண்ணீரை, அதாவது சுத்திகரித்த கழிவுநீரை, தோட்டத்துக்கு விடுவார்கள், அது நல்ல வழக்கம்தான். ஆனால் கடின நீரை மென்மையாக்கும் வாட்டர் சாஃப்ட்னரைக் கழுவிய உப்புநீரும் ஆர்.ஓ. கழிவுநீரும் அதே தொட்டியில் சேர்ந்தால் மரம் உப்பில் நனையும். சாஃப்ட்னரைச் சுத்தப்படுத்தப் பயன்படுவது சாதாரண உப்பு. இலை ஓரம் முதலில் மஞ்சளாகி, பிறகு தீய்ந்து, உள்நோக்கி நகரும். ஒரு குடியிருப்பில் பம்ப் ரூம் பின்னால் இருந்த ஒரே ஒரு சரக்கொன்றை மட்டும் இப்படிக் கருகியது. வரிசையில் மற்றவை நன்றாக இருந்தன. சுவரோரம் போனால் உப்பு வெள்ளையாகப் பூத்த தரை, மேலே சாஃப்ட்னரின் கழிவுக்குழாய். பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயைச் சாக்கடைக்குத் திருப்பினோம், மழை மண்ணைக் கழுவியது, மரம் தப்பித்தது. வரிசையில் ஒன்று மட்டும் நோயுற்றால் மண்ணையோ காலத்தையோ குறை சொல்ல முடியாது. அந்த ஒன்றுக்கு மட்டும் நடந்தது என்ன என்று தேட வேண்டும். புல்லில் களைக்கொல்லி அடித்தவர்களும் இந்தக் கேள்வியில்தான் மாட்டுவார்கள்.

பூச்சி என்றால் இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். தென்னை ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள் சுருளாகத் தெரிந்தால் சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டது, இப்போது குடியிருப்புத் தென்னைகளிலும் சகஜம். கீழ் ஓலை மஞ்சளாகும், அதன் மேல் கரும்பூசணம் படியும். பூச்சிக்கொல்லி அடித்தால் அதைத் தின்கிற ஒட்டுண்ணியும் செத்துப்போகும். தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவதும், கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை தெளிப்பதும் போதும். புங்கன் இலையில் கொப்புளம் கொப்புளமாக வருவது சிலந்திப்பேன் வகையால், பார்வைக்குத்தான் அசிங்கம்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது, குல்மோகர் அடியில் பலகை மாதிரி வளர்ந்து நிற்கும் காளான். மேலே கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் இலை குறைவு, அவ்வளவுதான் தெரியும். உள்ளே அடிவேர் அழுகியிருக்கும். மரத்தடியில் குழந்தைகள் விளையாடுகிற இடம், கார் நிறுத்துகிற இடம் என்றால் வைத்தியம் பேசாமல் மரம் வெட்டுகிறவரைக் கூப்பிடச் சொல்வேன். காளானைச் சீவி எறிந்துவிட்டு "சரி பண்ணிட்டோம்" என்பவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடு.

செண்பகங்களில் இளையவை தேறின. உச்சி காய்ந்துபோன மூத்தவை சில தேறவில்லை. சங்கக் கூட்டத்தில் செலவைச் சொன்னேன். தேறியவற்றுக்கும் எருக்குழியும் சீலேட்டும் வருடா வருடம் தொடர வேண்டும், நிறுத்தினால் அடுத்த ஐப்பசியில் மறுபடி மஞ்சள். காய்ந்தவற்றின் இடத்தில் மறுபடி செண்பகமே வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடித்தார்கள். அவர்களுக்கு, மழைநீர் சேமிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், கட்டிட இடிபாட்டை முழுதாக வாரி எடுத்துவிட்டு மேட்டுப் பாத்தியில் இரண்டு மட்டும் வைத்துக் கொடுத்தோம். அந்த இரண்டுக்கும் மழைநீர் தீரும்வரை போர் தண்ணீர் விடுவதில்லை. சாலையோரக் குழிகளில் புங்கனும் பூவரசும் வாகையும் வைத்தோம். குழிக்கு ஒரு பிடி மண் எடுத்து வினிகர் ஊற்றிப் பார்க்கும் வேலையை இப்போது செயலாளரே செய்கிறார், பாட்டில் அவர் வீட்டில்தான் இருக்கிறது.